அளக்கிற படி யார் கையில்?

சர்வாதிகாரிகளைப் பணியவைக்கப் போடும் பொருளாதாரத் தடைகள் உண்மையில் யாரைப் பணியவைக்கின்றன?

பாக்தாத் நகரின் முத்தனபி தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் புத்தகச் சந்தை கூடும். 1990களின் நடுவில் அங்கே தரையில் துணி விரித்து உட்கார்ந்திருந்தவர்களில் பலர் வியாபாரிகள் அல்ல. கல்லூரிப் பேராசிரியர்கள், பொறியாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள். வாழ்நாளெல்லாம் சேர்த்த சொந்த நூலகத்தைக் கூறு கட்டி, கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். 1990-க்கு முன்பு அரசு நிர்ணயித்த விலையில் ஒரு இராக் தினாருக்கு மூன்று டாலருக்கு மேல் மதிப்பு. 1995 முடிவதற்குள் கள்ளச் சந்தையில் ஒரு டாலர் வாங்க இரண்டாயிரம் தினாருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டில் அச்சாகிவந்த பழைய நோட்டு வருவது நின்றுபோனதால், சதாம் உசேன் முகம் போட்ட நோட்டை மட்டமான தாளில் உள்ளூரிலேயே அடித்துத் தள்ளினார்கள். ஆசிரியரின் மாதச் சம்பளம் ஒரு சில டாலருக்குள் சுருங்கியது. அதே ஆண்டுகளில் அதே நாட்டில் புதிய அரண்மனைகள் எழும்பிக்கொண்டிருந்தன. பாக்தாத்தில் ஏவுகணையை நினைவூட்டும் தூபிகளோடு பிரம்மாண்டமான மசூதி ஒன்றுக்கும் அடித்தளம் போட்டார்கள்.

குவைத்தை இராக் ஆக்கிரமித்த நான்காம் நாள், 1990 ஆகஸ்ட் 6 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவையின் 661-ஆம் தீர்மானம் இராக்கின் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டையும் முடக்கியது. 13 ஆண்டுகள் நீடித்த அந்தத் தடைக் காலத்தில் பேராசிரியர் நடுத்தெருவில் இருந்தார், சதாம் அரண்மனையில் இருந்தார். இதைப் பார்த்துவிட்டு ‘தடை வேலை செய்யவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சோம்பல். தடை நன்றாகவே வேலை செய்தது. ஒரு எண்ணெய் வள நாட்டின் வருமானத்தை அடியோடு சாய்த்தது. கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததைத்தான். வெளியிலிருந்து ஒரு நாட்டுக்குள் பஞ்சத்தை அனுப்பிவிடலாம். உள்ளே போன பஞ்சத்தை யாருக்கு எவ்வளவு என்று அளந்து பங்கிடுகிற படி, அனுப்பியவர் கையில் இல்லை, ஆள்பவர் கையில் இருக்கிறது. தேர்தலோ பத்திரிகையோ தொழிற்சங்கமோ தட்டிக்கேட்க முடியாத ஆட்சியில், தட்டுப்பாடே ஒரு அதிகாரம். ஒரு தடை ஜெயிக்குமா தோற்குமா என்பதை அது எவ்வளவு வலிக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. வலியைப் பங்கிடுவது யார் என்று பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

குண்டு வெடிக்காத போர்

தடை என்ற யோசனை பழையது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919-ல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் ஊர் ஊராகப் போய்ப் பேசியபோது, ரத்தம் சிந்தாமலே ஒரு தேசத்தைப் பணியவைக்கும் மருந்தென்று இதைத்தான் முன்வைத்தார். 1935-ல் எத்தியோப்பியா மீது படையெடுத்த முசோலினியின் இத்தாலி மேல் சர்வதேசச் சங்கம் தடை போட்டது. ஆனால் எண்ணெயைப் பட்டியலில் சேர்க்கவில்லை, சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. மறு ஆண்டே எத்தியோப்பியா விழுந்தது, தடையும் விலக்கப்பட்டது. 1945 முதல் 1989 வரை ஐ.நா. கட்டாயத் தடை விதித்தது இரண்டே முறை: 1966-ல் ரொடீசியா, 1977-ல் தென்னாப்பிரிக்கா. பனிப்போர் முடிந்ததும் மடை திறந்தது. யூகோஸ்லாவியா, ஹைட்டி, லிபியா என்று பட்டியல் நீண்டது. டாலரில் நடக்கும் வியாபாரத்தின் பணம் எங்கோ ஓரிடத்தில் அமெரிக்க வங்கி ஒன்றைத் தொட்டுத்தான் போக வேண்டும் என்பதால், வாஷிங்டனுக்கு ஐ.நா.வின் ஒப்புதல்கூடத் தேவைப்படாமல் போனது.

---

பெட்டி: எத்தனைக்கு எத்தனை?

ஹஃப்பாவர், ஷாட், எலியட் ஆகிய ஆய்வாளர்களின் குழு 20-ஆம் நூற்றாண்டின் 204 தடைகளை ஆராய்ந்து, ஏறக்குறைய 34 சதவீதம் ஓரளவாவது வென்றதாக 2007-ல் வெளிவந்த பதிப்பில் சொன்னது. சின்னக் கோரிக்கைகளில் வெற்றி பாதிக்குப் பாதி. ஆட்சியை மாற்றும் நோக்கத்தில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. இதே குழுவின் முந்தைய பதிப்பை 1997-ல் ராபர்ட் பேப் மறுபடி அலசினார். வெற்றி என்று அதில் எண்ணப்பட்ட 40-ல் பெரும்பாலானவற்றில் காரியத்தை முடித்தது ராணுவம்தான், அல்லது எதிராளி பணியவே இல்லை என்றார். அவர் கணக்கில் தேறியவை ஐந்தே ஐந்து.

---

ரேஷன் அட்டையே காவல் நிலையம்

தடை வந்த சில வாரங்களிலேயே இராக் அரசு ரேஷன் முறையைத் தொடங்கியது. கோதுமை மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, சமையல் எண்ணெய், சோப்பு, குழந்தைகளுக்குப் பால் மாவு. முறையாகவே நடந்தது, அதில்லாவிட்டால் சாவு இன்னும் கூடியிருக்கும் என்று ஐ.நா. அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்கு ஒரு குடும்பம் தன் ஆட்களின் எண்ணிக்கை, பெயர், முகவரி எல்லாவற்றையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். மகன் ராணுவத்திலிருந்து ஓடிவிட்டால் அட்டை போகும். ஆளும் பாத் கட்சியின் உள்ளூர் ஆளைப் பகைத்துக்கொண்டால் அட்டை போகும் என்ற பயம் எப்போதும் உண்டு. சொந்தக் கடை, சொந்தத் தொழில், வெளிநாட்டு உறவு என்று அரசை அண்டாமல் பிழைக்க வழி வைத்திருந்த நடுத்தர வர்க்கம் ஒழிந்தது. எதிர்ப்பு என்று ஒன்று கிளம்பினால் அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்பார்கள். இங்கே வீடு எரிந்தது, எலி கொழுத்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மக்களைப் பட்டினி போட்டது சதாம்தானே, தடையா? உணவுக்காக எண்ணெய் விற்க அனுமதிக்கிறோம் என்று ஐ.நா. 1991-லேயே 706, 712 தீர்மானங்கள் வழியாக முன்வந்தது, சதாம் மறுத்தார். 1995-ல் 986-ஆம் தீர்மானம் வந்தது. 1996 மே வரை இழுத்தடித்தார். பட்டினியை உலகத்துக்குக் காட்டித் தடையை உடைக்கலாம் என்பது அவர் கணக்கு. தடையால் ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்று அன்று உலகமே நம்பிய எண்ணிக்கைகூட உண்மையல்ல என்று இப்போது தெரிகிறது. 2003-க்குப் பிறகு எடுத்த கணக்கெடுப்புகள் எதிலும் அப்படியொரு சாவு அலை தென்படவில்லை. இராக் அரசு புள்ளிவிவரத்தில் கைவைத்திருக்கிறது என்று டிம் டைசன், வலேரியா செட்டோரெல்லி இருவரும் 2017-ல் எழுதினார்கள். 1996-ல் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் இந்த எண்ணிக்கையைச் சொல்லிக் கேட்டபோது, கொடுத்த விலை தகும் என்று பதிலளித்து வாழ்நாள் முழுக்க அதற்காக வருந்தினார் அன்று ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதராக இருந்த மேடலின் ஆல்பிரைட். பொய்க் கணக்கைக் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்டு அதற்கு நியாயமும் சொன்னார் என்பதுதான் இதில் கொடுமை.

மறுப்பு நியாயமானது. ஆனால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பட்டினியை ஆட்சியாளர் ஆயுதமாக்க முடிந்தது, சாவுக் கணக்கைக்கூட அவரே எழுத முடிந்தது என்றால், படி யார் கையில் இருந்தது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? ‘உணவுக்கு எண்ணெய்’ திட்டத்தில் மொத்தம் 6,400 கோடி டாலர் அளவுக்கு எண்ணெய் விற்பனையானது. யாருக்கு எண்ணெய் விற்பது, யாரிடம் சரக்கு வாங்குவது என்று தீர்மானிக்கும் உரிமையைச் சதாமிடமே விட்டுவைத்தார்கள். எண்ணெய் ஒதுக்கீட்டுச் சீட்டு உலகெங்கும் நண்பர்களுக்குப் போனது. சரக்கு விற்றவர்களிடம் கமிஷன் வாங்கினார்கள். 2,200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பணம் கொடுத்ததாகவும், அப்படிச் சேர்ந்தது 180 கோடி டாலர் என்றும் இதை விசாரிக்க ஐ.நா. அமைத்த பால் வோல்க்கர் குழு 2005-ல் கண்டறிந்தது. திட்டத்துக்கு வெளியே கள்ளத்தனமாகப் போன எண்ணெயில் கிடைத்தது அதைப்போல ஆறு மடங்கு. அந்த அறிக்கையில் தன் பெயர் வந்ததால், குற்றச்சாட்டை மறுத்தபடியே, நம் வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங் பதவியை இழந்தது பலருக்கு நினைவிருக்கும்.

ஜெயித்தது யாருக்கும் தெரியவில்லை

இராக் கதையில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று இருக்கிறது. 1991-ல் 687-ஆம் தீர்மானம் எண்ணெய் விற்பனைத் தடையை நீக்க வைத்த நிபந்தனை, பேரழிவு ஆயுதங்களைக் கைவிடுவது. 2003-ல் படையெடுத்துப் போன பிறகு அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழு நாடு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியது. 2004-ல் வந்த டூல்ஃபர் அறிக்கை, ஆயுதக் கிடங்குகள் இல்லை, பெரும்பகுதி 1991-லேயே அழிக்கப்பட்டுவிட்டது என்றது. அதாவது எழுதி வைத்த கோரிக்கை நிறைவேறியிருந்தது. நிறைவேறாதது எழுதாமல் மனதுக்குள் வைத்திருந்த கோரிக்கை. ஆயுதத்தைக் கைவிட்டாலும் தடையை நீக்க வேண்டும் என்பதில் தனக்கு உடன்பாடில்லை என்று 1997 மார்ச்சில் ஆல்பிரைட் வெளிப்படையாகவே பேசினார். நான் பதவியில் இருக்கும்வரை தடை போகாது என்று தெரிந்த ஆட்சியாளர் எதற்காகப் பணிய வேண்டும்?

லிபியாவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். லாக்கர்பி விமான வெடிப்பில் சந்தேகிக்கப்பட்ட இருவரை ஒப்படை என்பது கோரிக்கை. தடை வந்தது 1992-ல். 1999 ஏப்ரலில் கடாஃபி ஒப்படைத்தார், தடை உடனே நிறுத்திவைக்கப்பட்டது, 2003-ல் நீங்கியது. அவரிடம் கேட்டது நாற்காலியை அல்ல, இரண்டு ஆட்களை. கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. (அதே கடாஃபி 2011-ல் என்ன ஆனார் என்பதைப் பியோங்யாங் மறக்கவில்லை என்பது தனிக் கதை.)

‘தென்னாப்பிரிக்கா?’ என்று கேட்பவர்களுக்கு

தடைகளை ஆதரிப்பவர்கள் முதலில் எடுத்துவைக்கும் பெயர் இதுதான். நிறவெறி அரசோடு வணிக உறவை 1946-லேயே முறித்துக்கொண்ட நாடு இந்தியா என்பதால் நமக்கும் அதில் ஒரு பெருமை உண்டு. 1985 ஆகஸ்டில் அதிபர் போத்தா சீர்திருத்தம் அறிவிப்பார் என்று உலகம் காத்திருந்தபோது விறைப்பாக மறுத்துப் பேசினார். அதற்குச் சற்று முன்புதான் சேஸ் மன்ஹாட்டன் வங்கி, குறுகிய காலக் கடன்களைப் புதுப்பிக்க மாட்டோம் என்று முடிவெடுத்திருந்தது. மற்ற வங்கிகளும் பின்தொடர்ந்தன. ராண்ட் சரிந்தது, பங்குச் சந்தையை மூடினார்கள், கடன் தவணையைக் கட்ட முடியாது என்று அரசே கைவிரித்தது. 1986-ல் ரீகனின் ரத்து அதிகாரத்தையும் மீறி அமெரிக்க நாடாளுமன்றம் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1990 பிப்ரவரியில் மண்டேலா வெளியே வந்தார்.

ஆனால் அங்கே வலி போய்ச் சேர்ந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கருப்பின மக்களுக்கு அது கொடூரமான போலீஸ் ராஜ்யம். வெள்ளையர்களுக்கோ அது தேர்தலும் நாடாளுமன்றமும் பத்திரிகையும் உள்ள நாடு. கடன் நின்றதில் அடிபட்ட சுரங்க முதலாளிக்கும் வங்கிக்காரருக்கும் ஓட்டு இருந்தது, கட்சிக்கு நன்கொடை கொடுக்கும் பணம் இருந்தது, 1985-லேயே ஜாம்பியாவுக்குப் பறந்து போய் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர்களைச் சந்திக்கும் துணிச்சலும் இருந்தது. 1992 மார்ச்சில் வெள்ளையர்களுக்கு மட்டும் நடந்த வாக்கெடுப்பில் 68.7 சதவீதம் பேர் பேச்சுவார்த்தையைத் தொடரச் சொன்னார்கள். மறுபக்கம் ஐக்கிய ஜனநாயக முன்னணியும் கொசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பும் நாட்டையே நிறுத்திக் காட்டும் பலத்தோடு இருந்தன. தடை போடுங்கள் என்று கேட்டதும் ஒடுக்கப்பட்டவர்களின் இயக்கமே. இவற்றில் எது சதாமின் இராக்கில் இருந்தது? கிம்மின் வடகொரியாவில் எது இருக்கிறது?

---

பெட்டி: நம் பக்கத்துச் சூடு

யாழ்ப்பாணம்: 1990-க்குப் பிறகு இலங்கை அரசு குடாநாட்டுக்குப் பெட்ரோல், பேட்டரி, சோப்பு வரை தடுத்தது. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள் என்று சனம் சமாளித்தது. உள்ளே வந்த கொஞ்சப் பொருளுக்கு வரி போட்டது புலிகள்.

மகேந்திரகிரி: ரஷ்யாவிடம் கிரையோஜெனிக் தொழில்நுட்பம் வாங்கப் போன இஸ்ரோ மீது 1992-ல் அமெரிக்கா தடை போட்டது. தொழில்நுட்பத்தைத் தர மறுத்த ரஷ்யா, செய்து முடித்த எஞ்சின்களை மட்டும் கொடுத்தது. திருநெல்வேலி மாவட்டத்து மலையடிவாரத்தில் சோதித்துச் சோதித்து, சொந்த எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5-ல்.

திருப்பூர்: ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா கூடுதலாக 25 சதவீத வரி விதித்தது, மொத்தம் 50. பனியன் கம்பெனிகளின் ஆர்டர்கள் அமெரிக்காவைப் பெரிதும் நம்பியவை. ரஷ்ய எண்ணெயை நம்மைவிட அதிகம் வாங்கிய சீனாவுக்கு அந்த அபராத வரி இருக்கவில்லை.

---

ஓட்டுச் சீட்டில் வந்த பதில்

இராக், தென்னாப்பிரிக்கா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது ஈரான். அங்கே தேர்தல் உண்டு, ஆனால் யார் நிற்கலாம் என்று மதத் தலைமை வடிகட்டும். 2012-ல் ஐரோப்பா எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. ஸ்விஃப்ட் பணப் பரிமாற்ற வலையிலிருந்தும் ஈரான் வங்கிகளைத் துண்டித்தார்கள். ரியால் சரிந்தது. 2013 அதிபர் தேர்தலில் ஹசன் ரூஹானி, யுரேனிய மையவிலக்குகள் சுழல்வது சரிதான், ஜனங்களின் பிழைப்பும் சுழல வேண்டாமா என்று கேட்டு முதல் சுற்றிலேயே வென்றார். 2015 ஜூலையில் அணு ஒப்பந்தம் எட்டப்பட்டது. வடிகட்டிய தேர்தலே ஆனாலும் வலி மேலே போக ஒரு வழி இருந்தது. கேட்டதும் அணுத் திட்டத்தை மட்டும்தான், ஆட்சியை அல்ல.

பிறகு 2018 மே மாதத்தில் டிரம்ப் ஒப்பந்தத்தைக் கிழித்தெறிந்து, ‘உச்ச அழுத்தம்’ என்று எல்லாத் தடையையும் திரும்பப் போட்டார். ஒப்பந்தப்படி ஈரான் நடந்துகொள்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகமை அறிக்கை மேல் அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ரூஹானி தரப்பு ஊரார் முன் ஏமாளியாக நின்றது. 2021-ல் கடும்போக்காளர் ரயீசி அதிபரானார், அதுவரை காணாத குறைந்த வாக்குப்பதிவில். கடல்வழிக் கள்ள வியாபாரமும் அரசு ஒப்பந்தங்களும் புரட்சிக் காவல் படையின் கைக்கு இன்னும் அதிகமாகப் போயின. மருந்துக்குத் தடை இல்லை என்று சட்டம் சொன்னது. ஆனால் பணம் அனுப்ப எந்த வங்கியும் துணியவில்லை. தோல் கொப்பளித்து உரியும் அரிய நோயோடு பிறந்த குழந்தைகளுக்கான சிறப்புக் கட்டுத்துணியை ஸ்வீடன் நிறுவனம் ஒன்று ஈரானுக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. கூர்மையான தடை, குறிவைத்த தடை என்றெல்லாம் இன்று பேசுகிறவர்கள் வங்கி மேலாளரின் பயத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அபராதம் கோடிக்கணக்கில் வரும் என்றால், அனுமதித்ததைக்கூட அவர் செய்யமாட்டார்.

ரஷ்யா: விட்டுப்போன சொத்து யாருக்கு?

2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின. பொருளாதாரம் அந்த ஆண்டே 8.5 சதவீதம் சுருங்கும் என்று பன்னாட்டு நிதியம் கணித்தது. சுருங்கியது ஒன்றிரண்டு சதவீதம்தான். 2023-ல் வளரவே செய்தது. காரணம் எண்ணெய். பீப்பாய்க்கு 60 டாலர் என்று உச்ச விலை வைத்தும், யாருடையது என்று தெரியாத பழைய கப்பல்களில் ஏறிச் சீனாவுக்கும் நம் ஜாம்நகருக்கும் அது வந்துசேர்ந்தது. போருக்கு முன் நம் இறக்குமதியில் இரண்டு சதவீதம்கூட எட்டாத ரஷ்ய எண்ணெய், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது.

அதைவிடச் சுவாரஸ்யம், வெளியேறிய மேற்கத்திய நிறுவனங்களின் கதை. 2023 ஜூலையில் பிரெஞ்சு டனோன் நிறுவனத்தின் ரஷ்யப் பால் தொழிற்சாலைகளை அரசு கையகப்படுத்தி, செச்சென் தலைவர் ரம்ஜான் கதிரோவின் உறவினரைத் தலைமையில் அமர்த்தியது. கார்ல்ஸ்பர்கின் பீர் ஆலைகள் புடினின் பழைய நண்பர் ஒருவரிடம் போயின. ரஷ்ய முதலாளிகளுக்கு வலித்தால் அவர்கள் புடினுக்கு எதிராகத் திரும்புவார்கள் என்பது எதிர்பார்ப்பு. லண்டனில் வீடும் மொனாகோவில் படகும் பறிபோனவர்களுக்கு மாஸ்கோவைத் தவிரப் போக்கிடம் இல்லாமல் போனதுதான் நடந்தது. விசுவாசிகளுக்கு இனாம் கொடுக்கப் புதுச் சொத்தும் வந்து விழுந்தது.

இங்கே ஒரு நியாயமான வாதம் எழும். புடினைக் கவிழ்ப்பது நோக்கமே அல்ல, போர் நடத்தும் செலவைக் கூட்டுவதுதான் நோக்கம் என்பார்கள். அதை நான் ஏற்கிறேன். 2024 அக்டோபரில் ரஷ்ய மத்திய வங்கி வட்டியை 21 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டிவந்தது சாதாரண விஷயமல்ல. ட்ரோனுக்கும் ஏவுகணைக்கும் வேண்டிய சிப்பைச் சுற்றுவழியில் கூடுதல் விலைக்கு வாங்குவதும் இழப்புதான். ஆனால் அப்படியானால் அதை எதிரியின் பையைக் காலி செய்யும் போர்ச் செலவு என்றே சொல்ல வேண்டும். சுதந்திரம், ஜனநாயகம் என்று லேபிள் ஒட்டி விற்கக் கூடாது. லேபிள் மாறினால் கணக்கும் மாறும்: எந்தப் பொருளை நிறுத்தினால் பீரங்கி நிற்கும் என்று பார்ப்பார்கள், மருந்தும் மாணவர் விசாவும் பட்டியலில் வராது.

டமாஸ்கஸில் வந்த சந்தேகம்

என் வாதத்துக்கு மிகப்பெரிய சோதனை சிரியாதான். 2020 ஜூனில் அமலுக்கு வந்த அமெரிக்காவின் சீசர் சட்டம், அதிபர் அசாத்தின் அரசோடு வியாபாரம் செய்யும் எந்த நாட்டு நிறுவனத்தையும் தண்டிக்கும் என்றது. 2024 நவம்பர் இறுதியில் இத்லிபிலிருந்து கிளம்பிய எதிரணிப் படை, இரண்டே வாரத்தில் டமாஸ்கஸைப் பிடித்தது. அசாத் படை பெரும்பாலான இடங்களில் நின்று சண்டையிடவில்லை. டிசம்பர் 4 அன்று, தலைநகர் விழ நான்கு நாள் முன்பு, நிரந்தரப் படைவீரர்களுக்கு 50 சதவீதச் சம்பள உயர்வு என்று அசாத் ஆணை போட்டார். உயர்த்திய பிறகும் அது மிகச் சொற்பம். பசித்த படை ஓடிவிட்டது; ஆகவே தடை ஜெயித்தது என்று சொல்லலாமா?

பாதி சொல்லலாம். தடை கஜானாவை அரித்தது உண்மை. ஆனால் அசாத் குடும்பம் கேப்டகன் போதை மாத்திரை வியாபாரத்தில் வேறு வருமானம் தேடிக்கொண்டது. அந்தப் பணம் சிப்பாய்க்குப் போகவில்லை, உறவினருக்கும் அந்தரங்கப் படைக்கும் போனது. கடைசியில் அவரைக் கவிழ்த்தது 13 ஆண்டாக ஆயுதம் ஏந்தி நின்ற எதிரணி. உதவிக்கு வர ரஷ்யாவுக்கு உக்ரைனிலிருந்து கை ஒழியவில்லை, ஹெஸ்புல்லா இஸ்ரேலிடம் அடிவாங்கி ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே ஆயுதமேந்திய எதிரணி இருந்தால் தடை அதற்கு உதவும் என்பதுதான் சிரியா நிரூபிப்பது. அப்படியானால் அது போருக்குப் பதிலாக வந்த வழி அல்ல, போரின் ஓர் அங்கம்.

அசாத் மாஸ்கோவுக்குப் போன பிறகும் தடை டமாஸ்கஸிலேயே இருந்தது. புதிய அரசால் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. கத்தார் கொடுக்க முன்வந்தும், அமெரிக்கத் தடைக்கு அஞ்சிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தது. மாதம் 2.9 கோடி டாலர் அனுப்ப அனுமதி கிடைத்தது 2025 மே மாதத்தில். அதே மாதம் ரியாத்தில் டிரம்ப் தடை நீக்கத்தை அறிவித்தார், ஜூன் 30-ல் ஆணை வந்தது. ஆனால் சீசர் சட்டம் நாடாளுமன்றம் போட்டது. அதிபரால் ஆறு ஆறு மாதமாகத் தள்ளிவைக்க முடிந்ததே தவிர நீக்க முடியவில்லை. ஆறு மாதத்தில் சட்டம் உயிர்பெறலாம் என்றால் எந்த முதலீட்டாளர் அலெப்போவில் மின் நிலையம் கட்டுவார்? அசாத் தப்பியோடி ஒரு வருடம் கழித்து, 2025 டிசம்பரில், பாதுகாப்பு நிதி மசோதாவோடு சேர்த்துத்தான் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள்.